உம்ம பக்கத்து டிஸ்க்

ஓய்,

படங்களைச் சேர்த்து வைக்கிற நம்ம பெட்டியில் உம்ம பக்கத்து விளக்கு ஆரஞ்சாகிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை காலை, கங்கைகொண்டான் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். செருப்பு அலமாரிக்கு மேலே இருக்கிற பெட்டிக்குள்ளிருந்து 'டொக், டொக்' என்று ஒரு சத்தம். டீ சூடாக இல்லாவிட்டால் நாக்கை மேலண்ணத்தில் சுண்டி ஒரு சத்தம் போடுவீரே, அசல் அதே சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் நீர்தான் நிற்கிறீர் என்று நினைத்து, "வாரேன் வே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரி செல்வி எட்டிப் பார்த்தாள். அவள் பார்த்த பிறகுதான், நீர் போய்விட்டீர் என்பது எனக்கு உறைத்தது. அதற்குள் பெட்டி கீச்சுக் கீச்சென்று அலறத் தொடங்கிவிட்டது. பஸ்ஸும் போய்விட்டது.

பெட்டி வந்த கதையை உமக்கே நான் சொல்வது கூத்துதான். ஆனாலும் சொல்லப் போகிறேன். குறுக்கே பேச இப்போது உம்மால் முடியாது, அந்த ஒரு வசதியாவது எனக்கு இருக்கட்டும்.

சவுதியில் தம்மாமில் பதினெட்டு வருஷம் ஏசி பழுது பார்த்துவிட்டுப் பேட்டைக்குத் திரும்பி வந்தபோது, எல்லாரும் சென்ட்டும் கம்பளியும் கொண்டுவருவார்கள், நீர் ஒரு கேமராவைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினீர். அன்றிலிருந்து இந்தத் தெருவில் எவனும் நிம்மதியாகத் தும்மியதில்லை. ஆற்றில் வெள்ளம் வந்தால் வீடியோப் படம். செல்வி மாடியில் வடகம் காயப்போட்டால் படம். உம்ம மகள் ஆயிஷா பரீட்சைக்குக் கிளம்பினால் படம், தேறினால் படம், தேறாவிட்டாலும் படம். உம்ம மடிக்கணினி நிறைந்து, என் கணினியும் நிறைந்து, மூச்சுவிட இடமில்லாமல் போனபோது நீர்தான் அந்த யோசனையைச் சொன்னீர்.

"ஏன்வே, உம்ம வீட்ல ஒரு பொட்டி, என் வீட்ல ஒரு பொட்டின்னு எதுக்கு? ஒரே பொட்டி போதும். உள்ள டிஸ்க்கு ரெண்டு. உமக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. என் படம் உம்ம டிஸ்க்குலயும் இருக்கும், உம்ம படம் என் டிஸ்க்குலயும் இருக்கும். ஒருத்தன் டிஸ்க்கு மண்டையப் போட்டாலும் இன்னொருத்தன் காப்பாத்திருவான்லா."

நம் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர் ஒன்றுதானே. அதில் துளை போட்டு வயரை இழுத்தீர். இன்வெர்ட்டர் என் வீட்டில் இருந்ததால் பெட்டியும் என் வீட்டுக்கு வந்தது. டிஸ்க் வாங்கப் போன அன்று நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? ஒரே கம்பெனி, ஒரே மாடல், பக்கத்துப் பக்கத்து எண் போட்ட இரண்டை எடுத்து மேஜையில் வைத்தீர். நான் வேண்டாம் என்றேன். ஒரே லாட்டில் வந்த இரண்டு பேரிங்கை மோட்டாரில் மாட்டினால், ஒன்று போன கொஞ்ச நாளிலேயே மற்றதும் போகும். கம்பெனியில் நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். நீர் கேட்கிற ஆளா?

"வே, பெருநாளைக்கு உம்ம மவனுக்கும் என் மவளுக்கும் ஒரே தான்லதான துணி கிழிச்சேன்? அவனுக்கு ஒரு தினுசு, இவளுக்கு ஒரு தினுசுன்னு எடுத்தா மனசு கேக்குமா? டிஸ்க்குக்கும் அப்படித்தான். ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்."

உண்மைதான், உம்ம வீட்டுப் பெருநாள் துணிக்கு என் வீட்டு அளவும் சேர்ந்தே தையற்காரரிடம் போகும். ஆயிஷாவின் பாவாடையும் என் மகன் சட்டையும் ஒரே துணிச் சுருளில் வெட்டிய ஒரே பூவில் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும். அதைச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டீர். வீட்டுக்கு வந்ததும் இரண்டு காகிதத் துண்டில் எழுதி, ஒரு டிஸ்க்கில் 'ரஹ்மத் வீடு' என்றும் மற்றதில் 'செல்வி வீடு' என்றும் ஒட்டினீர். இரண்டும் பொண்டாட்டிமார் பெயர், நம் பெயர் ஒன்றிலும் இல்லை. "வீடு யாரு பேர்ல ஓடுதுன்னு டிஸ்க்குக்குத் தெரியாண்டாமா?" என்று சிரித்தீர்.

இப்போது ஆரஞ்சு விளக்கு எரிவது 'ரஹ்மத் வீடு' என்று எழுதிய டிஸ்க்கில். அதோடு கூடப்பிறந்தது என்னுடையது. அதற்கும் அதே வயது. அது எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாது. அது படுத்தால் உம்ம குரல் போய்விடும் ஓய்.

குரல் என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால் நீர் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் நீர் இல்லை. எப்போதும் கேமராவுக்குப் பின்னால். "பைய, பைய... இங்கன பாருங்க... அங்கன என்னத்தப் பாக்க, வெளிச்சம் இங்கன இருக்கு." இதுதான் நீர். பிறர் கைபேசியில் எடுத்த படங்களில் உம்ம முதுகு இருக்கிறது, கேமரா மறைத்த அரை முகம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒன்று இருக்கிறது. ஆதாரில் இருப்பது நீர்தான் என்று உம்ம ரஹ்மத்தே சத்தியம் செய்யமாட்டாள்.

அன்று சாயங்காலம் ரஹ்மத் வந்தாள். நீர் ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அப்படியே போய்விட்ட பிறகு, அவள் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருந்தாள். வெளி ஆண்கள் யாரும் பார்க்கப் போகக்கூடாது. செல்விதான் குழம்பும் சேதியுமாகப் போய்வந்துகொண்டிருந்தாள். இத்தா முடிந்து அவள் வாசலைத் தாண்டி வந்த முதல் வீடு என் வீடு. துப்பட்டியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப இளைத்துவிட்டாள்.

"அண்ணே, ஆயிஷா தோஹாலேருந்து தெனமும் போன் போடுதா. அவ பிள்ளைக்கு இப்பம் முகம் தெரியுது, யாரைப் பாத்தாலும் சிரிக்கி. 'உம்மா, வாப்பா முகத்தைப் பிள்ளைக்குக் காட்டணும்'ங்கா. அவ நிக்காஹ் அன்னைக்கு நீங்க எடுத்தீங்கள்லா, அவுக இருக்க படம், அது பொட்டிலதான இருக்கு? அதை அனுப்பி வைங்கண்ணே. நானும் இன்னும் பாக்கலை."

"பொட்டில ஒரு டிஸ்க்கு கெட்டுப்போச்சு தங்கச்சி. புதுசு போட்டுட்டுப் பாப்போம்" என்றேன். அவள் சரி என்றாள். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "கெட்டது யாரு டிஸ்க்கு?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்பம் நாங்கதான் வாங்கணும். அது எங்க வீட்டு டிஸ்க்குலா" என்றாள். உம்ம பொண்டாட்டி கணக்கில் உம்மைவிடக் கறாரானவள்.

அந்த நிக்காஹ் உமக்கு மறந்திருக்காது. ஊரடங்கு காலம். மண்டபம் இல்லை, பந்தி இல்லை, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆள்தான் வரலாம் என்று சட்டம். ஏரலிலிருந்து உம்ம சொந்தத் தம்பியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் என்னைச் சேர்த்தீர். அதற்காக அவர் இன்றுவரை என்னை முறைக்கிறார், அது வேறு கதை. "போன்லாம் எல்லாரும் பையில போடுங்க, படம் நான் எடுப்பேன்" என்று வந்தவர்களையெல்லாம் மிரட்டி வைத்திருந்தீர். கேமரா உம்ம கையில். நிக்காஹ் நடத்திவைக்க ஆலிம்சா வந்து உட்கார்ந்தார், மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தான், அப்போதுதான் ஆலிம்சா கூப்பிட்டார்: "பொண்ணுக்கு வாப்பா எங்க? வந்து மாப்பிள்ளை கையைப் பிடிங்க." பெண்ணின் வாப்பா மாப்பிள்ளை கையைப் பிடித்துத்தானே நிக்காஹ். கேமராவைப் பார்த்தீர், கையைப் பார்த்தீர், என்னைப் பார்த்தீர். இத்தனை ஏற்பாடு செய்த மனுஷன் இதை மட்டும் யோசிக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் கேமராவை என் கையில் திணித்தீர். "பைய வே. கையை ஆட்டாதீரும்."

வீடியோ நாலு நிமிஷம் இருக்கும். நீர் அசைந்து, பேசி, முகம் முழுவதும் தெரிகிற ஒரே படம். பெண்கள் எல்லாரும் உள் அறையில், திரைச்சீலைக்குப் பின்னால். ரஹ்மத்தும் ஆயிஷாவும் அதை நேரில் பார்க்கவில்லை. படத்தில்தான் பார்க்க வேண்டும்.

அதை நான் அழித்துவிட்டேன்.

நிக்காஹ் முடிந்த இரண்டாம் வாரம், பெட்டியில் இடமில்லை என்று என் கணினியில் எச்சரிக்கை வந்தது. எடுத்தவர் பெயர் போட்டு ஃபோல்டர் பிரித்து வைப்பது உம்ம வழக்கம். உம்ம பெயரில் மலை போலக் கிடந்தது. என் பெயரில் கொஞ்சம், நிக்காஹ் படமும் அதில்தான். நான் எடுத்த படம் எப்படி இருக்கும், ஒருவருக்குத் தலை இருக்காது, ஒருவருக்குக் கால் இருக்காது. உம்ம சாமானில் நான் கை வைக்கக் கூடாது. ஆகவே என் டிஸ்க்கில் என் ஃபோல்டரைத்தானே அழிக்கிறேன், உம்ம டிஸ்க்கில் ஒரு பிரதி பத்திரமாகக் கிடக்கும் என்று நினைத்தேன். முப்பது வருஷமாக மோட்டாரைக் கழற்றிப் பூட்டுகிறவன், இரண்டு டிஸ்க்கையும் இப்படி ஜோடி சேர்த்துவிட்டால் ஒன்றில் எழுதுவதை மற்றது எழுதும், ஒன்றில் அழிப்பதை மற்றதும் அந்த நொடியே அழிக்கும் என்று யோசிக்கவில்லை. குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். சுத்தக்காரன் அல்லவா. நீரோ, படம்தான் பெட்டியில் இருக்கிறதே என்று கேமராவின் கார்டை அழித்துவிட்டு அடுத்த படம் எடுக்கப் போய்விட்டீர். நான் உம்ம டிஸ்க்கை நம்பினேன், நீர் என் டிஸ்க்கை நம்பினீர்.

ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அந்த இடத்தில் வேறு படங்கள் ஏறிவிட்டன, தோண்டி எடுக்கவும் வழியில்லை. உம்ம வீட்டு மாடியில் நின்று சொன்னேன். நீர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தீர். என்னை ஏசினால் தேவலை என்றிருந்தது. அப்புறம் என் தோளில் ஒரு அடி வைத்தீர்.

"சவத்த விடும் வே. என் மூஞ்சிய நான் பாத்து என்ன செய்யப் போறேன்? நீரு தெனமும் பாக்கீருல்லா, போதும். ரஹ்மத்துகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

சொல்லிக்கொண்டீர், லட்சணமாக! அவள் கேட்கும்போதெல்லாம் "எடிட்டிங் நடக்கு, முடியட்டும்" என்று நாலு வருஷம் ஓட்டியிருக்கிறீர். அது எனக்குத் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நீர் போன பிறகு சொல்லியிருக்கலாம். இத்தாவில் இருக்கிறாள், ஆண்பிள்ளை போய்ப் பேசக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இத்தாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஆண்பிள்ளை இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான் ஓய். வெட்கமாக இருக்கிறது.

ரஹ்மத் கேட்டுவிட்டுப் போன அன்று செல்வியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுக்கும் அதுவரை தெரியாது. கொஞ்ச நேரம் என்னைத் திட்டித் தீர்த்தாள். பிறகு இறங்கி வந்து, "அந்தப் படம் செத்த டிஸ்க்குலதான் இருந்துச்சுன்னு சொல்லிருங்க. யாருக்குத் தெரியப் போவுது? அவளும் மனசத் தேத்திக்கிடுவா, உங்களுக்கும் ஆபத்தில்ல" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. பொய் சொல்ல இதைவிடச் சௌகரியமான இடம் கிடைக்காது. ஒரு வாரம் அதையே மென்றுகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வண்ணார்பேட்டைக்குப் போனேன். கழற்றிய டிஸ்க்கைப் பையிலிருந்து எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டி, இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றேன். அவர் எண்ணைப் படித்துப் பார்த்தார்.

"இருக்கு அண்ணாச்சி. ஆனா தரமாட்டேன்."

"என்னய்யா இது? கடைல வச்சுக்கிட்டுத் தரமாட்டேன்னா என்ன அர்த்தம்?"

"கோவப்படாதீங்க. உள்ள இன்னொண்ணு ஓடுதுல்லா, அதுவும் இதோட வாங்குனதுதான?"

ஆமாம் என்றேன். ஒரே நாள், ஒரே கடை, பக்கத்து எண் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாரு உங்களுக்கு இப்படி வாங்கச் சொன்னது?" என்றார். எனக்கு வந்ததே கோபம். உம்மை ஏச எனக்கு உரிமை உண்டு, அவர் யார்? "எங்க ஆள் ஒருத்தர். இப்பம் இல்ல" என்றேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு படுத்த கோளாறு இன்னொண்ணுக்கும் இருக்கும் அண்ணாச்சி. வேற கம்பெனி போடுங்க. அப்பம்தான் ரெண்டும் சேந்து படுக்காது." பேரிங் கதையைத்தான் அவரும் சொல்கிறார். நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா?

சொன்னவன் நான், ஆனால் கை அந்தப் பழைய மாடலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அதே நீலக் கட்டம் போட்ட அட்டை. நீர் எடுத்து மேஜையில் வைத்த அதே அட்டை. இதை விட்டுவிட்டு வேறு தானில் துணி எடுத்தால் உமக்கு மனசு கேட்குமா என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் பொறுமைசாலி. மூன்று டிஸ்க்கை வரிசையாக வைத்தார். ஒன்று ஆபீஸ் கணினிக்கு, வேலை நேரம் மட்டும் ஓடும். ஒன்று தெருக் கேமராவுக்கு, இடையில் ஒரு புள்ளி படிக்க முடியாவிட்டால் விட்டுவிட்டு மேலே போய்விடும். மூன்றாவதுதான் நம் மாதிரி நாள் முழுக்க ஓடுகிற பெட்டிக்கு. அதிலும் சல்லிசாகக் கிடைக்கிற ஒரு வகை உண்டாம், ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதுமாம். நடுவில் ஒரு ஓடு மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையெல்லாம் எடுத்து அடுக்கவேண்டும், ஜோடி சேர்க்கும்போது திணறிவிடும், அது வேண்டாம் என்றார்.

"அளவு பழசுக்குச் சமமா இருக்கணும், இல்ல கூட இருக்கணும். அட்டையில நாலு டிபின்னுதான் போட்டிருக்கும், ஒரு நூல் குறைஞ்சாலும் பொட்டி ஏத்துக்கிடாது. ஆறு டிபி எடுங்க. மிச்சம் ரெண்டு சும்மா கெடந்தாலும் கெடக்கட்டும். இன்னொண்ணு அண்ணாச்சி, புதுசை மாட்டுனதும் பொட்டி பழசை முதல்லருந்து கடைசி வரைக்கும் படிக்கும். வயசான டிஸ்க்கு, அந்த உழைப்புலயே படுத்தாலும் படுத்துரும். மொதல்ல எல்லாத்தையும் தனியா ஒண்ணுல எடுத்து அலமாரில வச்சுட்டு அப்புறம் மாட்டுங்க. ஜோடி போட்டாச்சுன்னு நம்பி இருந்துராதீங்க. ஒண்ணுல அழிச்சா ரெண்டுலயும் அழிஞ்சிரும்."

"தெரியும்" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொல்லிவிட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

வேறு கம்பெனியின் ஆறு டிபி டிஸ்க்கை எடுத்தேன். நீலக் கட்டத்தை அவர் பக்கமாகத் தள்ளிவைத்தேன். மன்னித்துக்கொள்ளும். தனிப் பிரதிக்கு ஒரு டிஸ்க் என் கணக்கில் வாங்கினேன். உம்ம வீட்டு டிஸ்க்குக்கு மட்டும் ரஹ்மத் பெயரில் பில் போடச் சொன்னேன். இல்லாவிட்டால் அவள் பெட்டியைத் தொட விடமாட்டாள்.

அன்று மத்தியானமே பிரதி எடுக்க உட்கார்ந்தேன். என் கிழட்டு டிஸ்க் முனகிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கொடுத்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சாமியைக் கும்பிட்டேன், உம்ம அல்லாஹ்வையும் கூப்பிட்டேன், யார் கேட்டால் என்ன. முடிந்தபோது எண்ணிக்கை சரியாக இருந்தது. உம்ம படம் ஒன்றுகூடக் குறையவில்லை. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. உம்ம டிஸ்க் சாகும்போது ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. உயிரோடு இருந்துகொண்டு அழித்தவன் நான். அதன் தலையில் பழியைப் போட்டால் உம்ம தலையில் போட்ட மாதிரிதான். செல்வியிடம், "நான் சொல்லப்போறேன்" என்றேன். "உங்களாச்சு, அவளாச்சு" என்றாள், ஆனால் அவள் முகம் தெளிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புது டிஸ்க்கை மாட்டினேன். பெட்டி தன் வேலையைத் தொடங்கியது. மத்தியான ளுஹர் தொழுதுவிட்டு ரஹ்மத் வந்தாள். பழைய டிஸ்க்கில் நீர் ஒட்டிய காகிதத்தை நகத்தால் பைய உரித்து, புதியதன் முகப்பில் ஒட்டினாள். பசை போய்விட்டது, செல்வி சோற்றுப் பருக்கை கொண்டுவந்து கொடுத்தாள். "ரெண்டும் வேற வேறயா இருக்கே, அவுக பாத்தா சண்டைக்கு வருவாவ" என்றாள் ரஹ்மத். மூன்று பேரும் சிரித்தோம். நீர் போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெயில் சாய்கிற நேரத்துக்கு இரண்டு விளக்கும் பச்சையாகின. டிவியில் போட்டுக் காட்டினேன். வெள்ளம், வடகம், பரீட்சை, எல்லாம் அப்படியே. "பைய, பைய" என்று நீர் கூடம் முழுக்கப் பேசினீர். ரஹ்மத் துப்பட்டி நுனியை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அண்ணே, உங்க பேரு போட்ட ஃபோல்டரைத் திறங்க. அதுலதான் இருக்குன்னு அவுக சொன்னாவ."

"அது இல்ல தங்கச்சி."

"டிஸ்க்கோட போயிட்டா?"

பார்த்தீரா வே. பொய்யை அவளே எடுத்துத் தட்டில் வைத்து நீட்டுகிறாள். 'ஆமா' என்று ஒரு சொல். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. டிஸ்க்கு மேல தப்பு இல்ல. நான் அழிச்சேன். நிக்காஹ் முடிஞ்ச ரெண்டாம் வாரமே. இடம் பத்தலைன்னு தெரியாத்தனமா அழிச்சிட்டேன். அவர்கிட்ட சொன்னேன். எனக்காகத்தான் உன்கிட்ட மறைச்சார்."

டிவியில் படம் நின்றுபோய் இருந்தது. "நாலு வருஷமா எடிட்டிங் எடிட்டிங்னு சொன்னாவளே" என்றாள் மெதுவாக. அப்புறம், "எனக்குக் கோவம் வருதுண்ணே" என்றாள்.

"வரட்டும்."

"உங்க மேல பாதி வருது, அவுக மேல பாதி வருது. உங்க மேல வாரத உங்ககிட்ட காட்டிருவேன். அவுக மேல வாரத எங்க கொண்டுபோய்க் காட்ட?"

எழுந்து போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நீர் போட்ட அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி வயரை உருவிவிடச் சொல்வாள் என்றே நினைத்தேன். பள்ளிவாசலில் அந்தி மக்ரிப்புக்குப் பாங்கு சொன்னார்கள். செல்வி விளக்கேற்றினாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், உமக்கென்ன ஒளிவு.

தொழுது முடித்துவிட்டு அவள் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் கைபேசி. எனக்கு எதிரே உட்கார்ந்து அதை மேஜை மேல் வைத்தாள்.

"நீங்கதான எடுத்தீங்க? பாத்துக்கிட்டுத்தான எடுத்தீங்க? சொல்லுங்க. என்னத்தப் பாத்தீங்களோ அதை அப்படியே சொல்லுங்க. நான் பதியுதேன். ஆயிஷாவும் கேக்கட்டும்."

அவசர அவசரமாகத் தொடங்கினேன். "பைய சொல்லுங்க" என்றாள் ரஹ்மத். உம்ம சொல்.

சொன்னேன். நமக்கு இரண்டு பேருக்கும் ஒரே தானில் தைத்த வெள்ளைச் சட்டை நீர் போட்டிருந்ததைச் சொன்னேன். எல்லாரும் முகக்கவசத்தோடு இருந்ததையும், ஆலிம்சா "சொல்லுறது கேக்கணும், இறக்குங்க" என்றதும் நீர் அதைத் தாடிக்குக் கீழே இழுத்துவிட்டதையும், எத்தனையோ மாதம் கழித்து உம்ம முகத்தை முழுசாக அன்றுதான் நான் பார்த்ததையும் சொன்னேன். மாப்பிள்ளைக்குக் கை வேர்த்திருந்தது. அவன் பயத்தைப் பார்த்துவிட்டு நீர் கட்டை விரலால் அவன் புறங்கையைத் தடவிக்கொடுத்தீர். அந்த நேரத்திலும் என்னைப் பார்த்துக் கண்ணால் 'வெளிச்சம் அந்தப் பக்கம்' என்று காட்டினீர். மாப்பிள்ளை சம்மதம் என்று 'கபில்து' சொன்னபோது உம்ம உதடும் அவனோடு சேர்ந்து அசைந்தது.

"நடுவுல ரெண்டு தடவை அவர் திரைச்சீலைப் பக்கம் பாத்தார். இடது ஓரத்துல. யாரைத் தேடுதார்னு எனக்குத் தெரியல."

ரஹ்மத் கைபேசியைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் அங்கனதான் நின்னேன்."

அவள் குரலும் பதிந்துவிட்டது. செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ரஹ்மத், "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் எந்திரிச்சு என் பக்கமா வந்தார். 'கொண்டாரும் வே, போதும்'னு கையை நீட்டினார். அவர் உள்ளங்கை வந்து படத்தை மறைச்சிட்டுது. அவ்வளவுதான் தங்கச்சி."

அவள் பதிவை நிறுத்தினாள். காலியாகக் கிடந்த என் பெயர் ஃபோல்டரில் அதைப் போட்டேன். ரஹ்மத் வீடும் செல்வி வீடும் ஒன்றாக மினுக்கி எழுதிக்கொண்டன. அலமாரியில் இருக்கும் தனிப் பிரதியிலும் ஏற்றிவிட்டேன். அழிக்கிற உரிமையை என்னிடமிருந்து எடுத்துவிட்டுக் கடவுச்சொல்லை ரஹ்மத்திடம் கொடுத்தேன். "என்னை நம்பாத தாயி" என்றேன். "நம்பலை" என்றாள், போகும்போது, நாளைக்குக் குழம்பு தன் வீட்டிலிருந்து வரும், வைக்கவேண்டாம் என்று செல்வியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நிக்காஹ் அன்று கேமராவை உம்மிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுக்கவில்லை ஓய். அது இன்னும் என் கையில்தான் இருக்கிறது. கையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.